ஒன்பது துரைசாமிகள்

ஒரே ஒரு ஊரிலே, ரொம்பக் காலத்துக்கு முன்னாலே என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தது போன ஆயுத பூஜைக்கு, அதனால் போன ஆயுத பூஜைக்கு என்றே சொல்லிவிடலாம், அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவிலே, நாளைக்கு மூன்று சங்கு ஊதுகிற ஒரு பனியன் ஊரிலே, வசந்தாமணி வசந்தாமணி என்று ஒரு பெண் இருந்தாள், அவளுக்குத் துரைசாமி துரைசாமி என்று ஒரு புருஷன் இருந்தான். அவள் நூல் மில்லில் நூலைக் கோனாகச் சுற்றுகிற கோன் மெஷின் ஓட்டினாள், மத்தியானம் இரண்டு மணிச் சங்குக்குப் போய் ராத்திரி பத்து மணிச் சங்குக்கு வெளியே வருகிற அரை நைட். அவன் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினான், பத்து மணிச் சங்குக்குப் போய் விடிகாலை ஆறு மணிச் சங்குக்கு வெளியே வருகிற முழு நைட். அவன் வீட்டுக்கு வருகையில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் எழுகையில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், அவன் எழுகையில் அவள் மில்லில் இருப்பாள், அவள் திரும்புகையில் அவன் கம்பெனியில் இருப்பான். மூடி வைத்த சோற்றை அவன் தின்றிருப்பான், கழுவிக் கவிழ்த்த தட்டை அவள் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மெஷின் துடைக்கிற நாள், தீபாவளி நோம்பியும் பொங்கல் நோம்பியும் இரண்டு பேருக்கும் விட்டுப்போன தூக்கத்தை எட்டிப் பிடிக்கிற நாள். இப்படியே பன்னிரண்டு வருஷம், ஒருவர் தூங்குவதை ஒருவர் பார்த்துக்கொண்டு, சண்டையில்லாமல் ஓடியது. பிள்ளை இல்லை. "அதுக்கும் ரெண்டு பேரும் முழிச்சிருக்கோணுமில்லடி" என்று மில்லில் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே அறுந்த நூலை முடிவாள்.

அந்த வருஷம் பனியன் கம்பெனி முதலாளிக்குக் காலண்டர் போட ஆசை வந்தது. மனுஷனும் மெஷினும் சேர்ந்து நிற்கிற மாதிரி பன்னிரண்டு படம், மாசத்துக்கு ஒன்று. ஆயுத பூஜை அன்றைக்குத்தான் ஆட்கள் குளித்து நல்ல துணி உடுத்தி வருவார்கள், மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருக்கும், இரண்டும் ஒரே நாளில் லட்சணமாக இருப்பது அந்த ஒரு நாள்தான் என்று கணக்குப் போட்டு ஸ்டூடியோ தாமோதரனுக்கு ஆள் அனுப்பினார். தாமோதரனோ காமிராவுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், சாமிக்கு முன்னால் வைத்துவிட்டான். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுத்து வேலை வாங்கக்கூடாது என்பது அங்கே கத்தரிக்கோல் பிடிப்பவர் முதல் லாரி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு எடுத்துத் தர்றனுங்க" என்றான்.

"நாளைக்கு எண்ணெய்ப் பனியனோட நிப்பானுக, அதையா காலண்டர்ல போடறது? எடப்பா. சாமி உன்னையவா வந்து கேக்கப் போகுது?"

தாமோதரன் எடுத்தான். லென்ஸுக்கு மேல் பொட்டு காயவில்லை.

படத்தில் ஆட்கள் இல்லை. ஆள் நின்ற இடத்துக்கு மெஷின் ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குத் தொட்டு அந்த ஊரில் யாரைப் படம் எடுத்தாலும், எந்தக் காமிராவில் எடுத்தாலும், செல்போனில் எடுத்தாலும், அவரவர் நாளெல்லாம் கூடவே கிடக்கிற மெஷின் வந்து அவரவர் இடத்தில் நின்றது. பத்து நாளில் அது பீரோவுக்குள் இருந்த பழைய ஆல்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது, காமிரா என்றால் என்னவென்று தெரியாமல் முறைத்துக்கொண்டிருந்த கறுப்பு வெள்ளைப் பாட்டன்மாரும்கூட ஒவ்வொருவராகக் கிணற்று மோட்டார் ஆனார்கள்.

முதல் வாரம் ஊர் தாமோதரனைத் திட்டியது, இரண்டாம் வாரம் கோயிலுக்குப் போனது, மூன்றாம் வாரம் பழகிக்கொண்டது. கோயில் அர்ச்சகர் படத்தில் மின்சார மேளமாக வந்தார், சுவிட்ச் போட்டால் தானே அடிக்கிற அந்தத் தகர மேளம், அவர் அதைப் பார்த்த அன்றைக்கு மேளத்தின் சுவிட்சையே போடவில்லை. வார்டு கவுன்சிலர் மைக் செட்டாக வந்தார், அதற்கே மாலை போட்டுப் பேனர் வைத்தார்கள். ஒரு நாளும் வேலைக்குப் போகாத தன் மனைவி கிரைண்டராக வந்ததைப் பார்த்து ஒருவர், இத்தனை மாவை அரைத்திருக்கிறாளா என்று அன்றைக்குத்தான் கேட்டார். இளவட்டங்கள் அத்தனை பேரும் செல்போனாக வந்தார்கள், ஒன்றுபோல, காலேஜ் குரூப் போட்டோவைப் பார்த்தால் செல்போன் கடை மாதிரி இருந்தது. கல்யாணத் தரகர்கள் சுதாரித்துக்கொண்டு, பையன் ஆறு தலை எம்பிராய்டரி மெஷினுங்க, நல்ல கண்டிசனுங்க என்று படத்தை நீட்டினார்கள். இ-சேவை மையத்தில் கொஞ்ச நாள் விண்ணப்பங்களைத் திருப்பினார்கள், பிறகு மெஷின் நேராக நிற்க வேண்டும், பின்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும், மேலே துணி போர்த்தியிருக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் லேத்து மெஷின் நின்றது, சனங்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியவர்களுக்குக் கண்ணாடி இருந்தது, அதனால் யாருக்கும் பெரிய குறை இல்லை.

வசந்தாமணிக்கும் குறை இல்லை, மார்கழி மாசத்தில் ஒரு நாள் அவள் எழுந்து, பக்கத்துப் பாய் விரித்தபடி ஆள் இல்லாமல் கிடந்ததையும், மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்ததையும் பார்க்கிற வரைக்கும். ஓ.டி. பார்க்கிறார் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அவன் செல்போன் அலமாரியில் இருந்து அவளுக்கே மணி அடித்தது. மூன்றாம் நாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனிக் கேட்டில் போய் நின்றாள். சூப்பர்வைசர் வந்து, "ஆளு வர்றதில்லீங் அம்மிணி, நாங்களும் தேடிட்டுத்தான் இருக்கறோம்" என்றார். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ரைட்டர் சபாபதி கெட்டவர் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஸ்டேஷன் குரூப் போட்டோவில் மூன்றாவது வயர்லெஸ் பெட்டி அவர்தான்.

"பேரு?"

"வசந்தாமணிங்க."

"உன்ற பேரையா கேட்டேன்? காணாமப் போனவம் பேரு."

அவள் புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை, காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

"போட்டோ?"

கல்யாண ஆல்பத்தையே கொண்டுவந்திருந்தாள். மணவறையில் இந்தப் பக்கம் ஒரு கோன் மெஷின், அந்தப் பக்கம் பச்சை நிறத்தில் ஒரு நிட்டிங் மெஷின், நடுவில் தாலிக்கயிறு மட்டும் அந்தரத்தில் நின்றது.

"மாப்பிள்ளை எது?"

"இந்தப் பச்சைங்க."

ரைட்டர் பேனாவை மூடித் திறந்தார். "செரி, நீயே சொல்லு. ஆளு எப்படி இருப்பான்?"

"இடது கையைத் தலைக்குக் குடுத்துக்குவாருங்க. பல்லைக் கடிப்பாருங்க, மெஷின்ல ஊசி ஒடையற மாதிரியே இருக்கும். பொடணில ஒரு வெட்டுத் தழும்பு, கவுந்து படுத்தாத் தெரியும்."

"கண்ணு எப்படி?"

"மூடியிருக்குமுங்க."

"முழிச்சிருக்கறப்பம்மா!"

வசந்தாமணி யோசித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு முகம் இருந்தது, அது இருபத்தாறு வயசு, மீசை கறுப்பு, அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, அந்தப் பன்னிரண்டு வருஷமும் கண்ணை மூடியே கழிந்திருந்தது. சிரித்தால் எப்படி இருப்பான், கோபம் வந்தால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவான் என்று ரைட்டர் கேட்கக் கேட்க அவள் ஆல்பத்தைப் புரட்டினாள், பக்கத்துக்குப் பக்கம் பச்சை மெஷின்தான். "கம்பெனில கேட்டுப் பாருங்க" என்றாள்.

கம்பெனியில் கேட்டார்கள். சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். "முதுகைக் காட்டுனாச் சொல்லிப்புடுவனுங்க. அவன் மெஷினைப் பாத்தே நின்னான், நான் பொறத்தாலதான நடந்தேன்." டீக்கடைக்காரரிடம் கேட்கலாம் என்றால் கம்பெனியில் டீயும் மெஷினிலிருந்துதான் வந்தது. கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில், பகலில் பூட்டாத கதவையும் வாசலில் கிடக்கிற செருப்பையும் நன்றாகத் தெரியும் என்றார்கள்.

வசந்தாமணி தாமோதரனிடம் போனாள். அவன் கல்யாண ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பச்சை மெஷினை வெளிச்சமாக்கினான், இருட்டாக்கினான், ஓரங்களைச் சுரண்டிப் பார்த்தான், மெஷினுக்குப் பின்னால் ஒரு காது மாதிரி தெரிந்தது, பெரிதாக்கினால் அது நூல் கோன்.

"அக்கா, என்னாலதான" என்றான்.

"ஆமா, உன்னாலதான்" என்றாள் அவள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் அந்தப் படத்தையே போட்டுக் 'காணவில்லை' நோட்டீஸ் அடித்தார்கள். பெயர் துரைசாமி, வயது முப்பத்தெட்டு, நிறம் பச்சை, உயரம் எட்டடி என்று ரைட்டர் படத்தைப் பார்த்து நிரப்பியிருந்தார். பஸ் ஸ்டாண்டிலும் மில் கேட்டுகளிலும் ஒட்டினார்கள். போன் வந்தது, வந்துகொண்டே இருந்தது. காங்கயத்தில் பார்த்தோம், சோமனூரில் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் கம்பெனியில் ஆறு இருக்கிறது எது வேண்டும் என்றார்கள். அந்த ரகப் பச்சை மெஷின் அந்தச் சீமையில் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் வசந்தாமணி பஸ் ஏறினாள், அரை நைட்டுக்குத் திரும்பினாள், ராத்திரி பாயில் உட்கார்ந்திருந்தாள். தூக்கம் அவளை விட்டே போயிருந்தது. பக்கத்தில் ஒரு மூச்சு வந்து படுக்கும் என்று தெரிந்தால்தான் அவள் உடம்பு தூங்கும், அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

நாற்பதாம் நாள், போன் செய்த கம்பெனிகளிலிருந்து பச்சை மெஷின் ஓட்டுகிற துரைசாமிகளை மட்டும் பொறுக்கி ரைட்டர் சமுதாயக் கூடத்துக்கு வரச்சொன்னார். ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயசு, காதுக்குள் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, ஒன்பது பேருக்கும் வேறு ஷிப்டு போகிற சம்சாரம். சம்சாரத்தின் பேரைக் கேட்டார் ரைட்டர். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். போலீஸ்காரன் கேட்டு, வீட்டுப் பொம்பளை பேரைச் சபையில் சொல்லுகிற வழக்கம் அவர்களில் எவனுக்கும் இல்லை.

"கேஸு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்றான் ஒருவன்.

"பேரைச் சொல்லித் தொலைங்கடா!"

சொல்லவில்லை. சூப்பர்வைசர் முன்னால் வந்து, எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார். ஒன்பது முதுகும் திரும்பின. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்ப நடந்தார். ஒன்பதும் ஒரே கூன், ஒரே வேர்வைப் பனியன். "இத்தனை பேரு ஒண்ணா நின்னாக் கொழம்புதுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வசந்தாமணி அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்தாள். "எல்லாத்தையும் தூங்கச் சொல்லுங்க" என்றாள்.

கூடியிருந்தவர்கள் அதை நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பந்திப் பாயை விரித்தார்கள். ஒன்பது பேரும் நைட் முடித்தவர்களோ நைட்டுக்குப் போகிறவர்களோதான், தலை சாய்த்தது தெரியும், அடுத்த மூச்சு குறட்டை. தாமோதரன் ஆசை விடாமல் ஒரு படம் எடுத்தான், தூங்குகிறபோதாவது மனுஷர் வருவார்களா என்று. ஒன்பது பச்சை மெஷின், சுவிட்ச் அணைத்து, மேலே துணி போர்த்தி வந்தது. அவன் காமிராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

வசந்தாமணி பாய்களுக்கு நடுவே நடந்தாள். ஏழாவது ஆளிடம் நின்றாள். இடது கை தலைக்கு அடியில் இருந்தது. குனிந்தாள், பல் கடிபடுகிற சத்தம் கேட்டது. தோளைப் பிடித்துத் திருப்பி, பிடரியைப் பார்த்தாள்.

"இவருதானுங்க" என்றாள். பிறகு தோளைத் தட்டினாள். "ஏனுங்க, எந்திரிங்க."

அவன் கண்ணைத் திறந்தான். லேசான பூனைக் கண். பன்னிரண்டு வருஷமாக இதையா மூடி வைத்திருந்தான் என்று நினைத்தாள்.

"ஆருங்க?" என்றான்.

"நாந்தானுங்க."

அவன் எழுந்து உட்கார்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தான். ரைட்டர் பக்கத்தில் வந்து, "எங்கடா போயிருந்த?" என்றார்.

"எங்கயும் போகலீங்க. மெஷினை வித்துட்டாங்க. லாரில ஏத்தறப்ப ஒரு கை குடுன்னாங்க, குடுத்தனுங்க. வெள்ளகோயில்ல எறக்கறதுக்கும் ஆளு வேணும்னாங்க, ஏறுனனுங்க. அங்கத்தவனுக்கு நூலு கோக்கத் தெரியல, ரெண்டு நாளு இருந்து காட்டுன்னாங்க. காட்டுறதுக்குள்ள ஷிப்டு வந்துருச்சுங்க. அது முடிஞ்சா இன்னொண்ணு வந்துருச்சு."

ரைட்டர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். "மெஷினை வித்ததை ஏய்யா சொல்லல?"

"ஆளைத்தானுங்களே கேட்டீங்க" என்றார் சூப்பர்வைசர். "மெஷினைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பமுங்களே, பில்லே இருக்குது."

நாற்பது நாள் பஸ்ஸும் நாற்பது நாள் பாயும் வசந்தாமணியின் நெஞ்சுக்கு ஏறின. "ஊட்டு நெனப்பு வல்லீங்களா உங்களுக்கு?"

"வந்துதுங்க." அவன் பொய் சொல்லத் தெரியாதவன் மாதிரி விழித்தான். "ஊட்டுக்குத் தூங்கறதுக்குத்தான வந்துட்டிருந்தேன். அங்கயும் ஒரு பாய் குடுத்தாங்க."

"சோறு மூடி வெச்சாங்களா?"

அவன் யோசித்தான். "அது இல்லீங்க" என்றான்.

ரைட்டர் நோட்டைப் பிரித்து, "செரி, முடிச்சுக்கலாம். ஏம்ப்பா, இது உன்ற சம்சாரம்தான? சொல்லீட்டு ஒரு கையெழுத்துப் போடு" என்றார்.

துரைசாமி அவளை மறுபடி பார்த்தான், நெற்றியை, மூக்குத்தியை, கண்ணை, கண்ணில் வந்து அவன் பார்வை தடுமாறியது.

"நெசமாச் சொல்றதுன்னாத் தெரியலீங்க. தூங்கறப்பக் காட்டுனாங்கன்னா ஒரு நொடியில சொல்லீருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. "அதுஞ் செரிதான்" என்றார் ரைட்டர். "நீ பாத்தீல்லம்மா, அவனும் பாக்கட்டும். படு."

வசந்தாமணி ஏழாவது பாயில், அவன் உடம்புச் சூடு ஆறாத இடத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துக் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டால் போதும், ஒரு நிமிஷம், ஒரு குறட்டை, அதற்குமேல் வேண்டாம். நாற்பது நாள் தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது, எடுத்தால் வரவில்லை. மூச்சை நீளமாக விட்டுப் பார்த்தாள்.

"இது நடிப்புங்க" என்றான் துரைசாமி தணிந்த குரலில், குற்றம் சொல்லாமல். "அவங்களுக்குத் தூக்கத்துல பொருவம் ரெண்டும் ஏறும்."

அவள் மூடிய கண்ணுக்குள் கோபத்தில் கொதித்தாள். கொதிக்கக் கொதிக்க இன்னும் விழித்தாள். பக்கத்தில் துரைசாமிகள் ஒவ்வொருவராக எழுந்து பாயைச் சுருட்டுவது கேட்டது, எட்டு ஜோடிச் செருப்பு வாசலில் பிரிந்து போயிற்று. சூப்பர்வைசரின் பூட்ஸ் போயிற்று. "வர்றனுங்க்கா" என்று தாமோதரன் குரல் போயிற்று. ரைட்டர் கொட்டாவி விட்டு, "தூங்குனதும் பாத்துட்டு, எழுப்பிக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பொம்பளை தூங்காமல் படுத்திருப்பதில் வேடிக்கை ஒன்றும் இல்லை, அவர்களும் போனார்கள்.

ஒரு மூச்சு மட்டும் பக்கத்தில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த மூச்சு.

"இன்னும் வல்லீங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"மெதுவா. அவசரமில்லீங்க."

வெளியே வெள்ளகோயில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"வேனுங்களா?"

"ஆமாங்க. ரெண்டு மணி ஷிப்டுக்கு இப்பவே எடுப்பாங்க."

"இன்னுங் கொஞ்சம் இருங்க. வந்துரும்."

"இருக்கறனுங்க."

இருந்தான். அவள் நூறிலிருந்து பின்னால் எண்ணினாள். ஒரு புருவம் ஏறுகிற மாதிரி இருந்தது, அவன் முட்டி போட்டு நெருங்கி வருவது பாயில் தெரிந்தது, அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது, அதில் அவள் மறுபடி விழித்துக்கொண்டாள். ஹாரன் இரண்டாம் தரம் அடித்தது, அப்புறம் கையை எடுக்காமல் நீளமாக அடித்தது. எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணைத் திறந்தால் அவள் மறுபடி யாரோ ஆகிவிடுவாள். திறக்காமல் கிடந்தாள். பக்கத்தில் முட்டி சொடுக்கி எழுகிற சத்தம் கேட்டது, அவிழ்ந்திருந்த முந்தானையை யாரோ அவள் கால்வரைக்கும் இழுத்து மூடினார்கள், பிறகு சிமெண்டுத் தரையில் வெறுங்கால் நடந்தது, வாசலில் செருப்பைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றது, மாட்டிக்கொண்டது, படியில் இறங்கியது, மண்ணில் நடந்தது.